‘காலைல வாம்மா’ என்றால் திரும்பிவிடலாமா? பிள்ளையை போலீஸ் அழைத்துச் சென்ற முதல் 24 மணி நேரம்!

இரவு மணி பத்தரை. திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவே இருக்கிற சடையங்குப்பத்தில் ஒரு வீடு. ஷிஃப்ட் முடிந்து கணவர் இன்னும் வரவில்லை. சோறு வடித்து வைத்துவிட்டு மகனுக்காகக் காத்திருக்கிறார் அம்மா. அப்போது பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் மூச்சிரைக்க ஓடிவருகிறான்.

‘‘அக்கா... உங்க பையனை போலீஸ் வண்டில ஏத்திட்டுப் போயிட்டாங்க. கம்பெனி காம்பவுண்டுகிட்ட இரும்பு எடுத்தான்னு சொல்றாங்க.’’

காலில் செருப்புகூட மாட்டாமல் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார் அம்மா.

‘‘சார்... எம் பையன் சார். பத்தாவது படிக்கிறான் சார்...’’

‘‘விசாரிச்சுட்டு அனுப்பிடுவோம். காலைல வாம்மா.’’

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், தொழிற்சாலைகளும் கன்டெய்னர் யார்டுகளும் சூழ்ந்த வடசென்னையில் டீன் ஏஜ் பையன் இருக்கிற எந்த வீட்டிலும் இப்படி ஓர் இரவு வரலாம். பையன் நிஜமாகவே இரும்பை எடுத்திருக்கலாம். கூட்டத்தோடு சும்மா நின்றிருக்கலாம். எதுவாக இருந்தாலும் அந்த அம்மாவின் முன் இருக்கும் கேள்வி ஒன்றுதான். ‘காலைல வாம்மா’ என்ற பதிலைக் கேட்டு அவர் வீட்டுக்குத் திரும்பலாமா, கூடாதா?

திரும்பக் கூடாது. அந்த ராத்திரியில் அவர் பிள்ளைக்காகச் சட்டம் எழுதிவைத்திருக்கும் பாதுகாப்புகள் நிறைய. ஆனால், பக்கத்தில் நின்று கேட்கிற ஒரு பெரியவர் இல்லாவிட்டால் அவற்றில் பல காகிதத்திலேயே தங்கிவிடும்.

18 வயதுக்குக் கீழே வேறு சட்டம்

குழந்தைகளைப் பெரியவர்களின் கோர்ட்டிலும் ஜெயிலிலும் தள்ளக் கூடாது என்ற எண்ணத்துக்கு நம் ஊரில் நூறு வயது தாண்டிவிட்டது. இதற்கென இந்திய மாகாணங்களிலேயே முதலில் சட்டம் போட்டது சென்னை மாகாணம்தான். 1920-ல் வந்த அந்தச் சட்டத்தின் பெயர், சென்னைக் குழந்தைகள் சட்டம். நாடு முழுக்கப் பொதுவான சிறார் நீதிச் சட்டம் 1986-ல்தான் வந்தது. அதிலும் ஆண் பிள்ளைகளுக்கு 16 வயது வரைதான் பாதுகாப்பு. 2000-ம் ஆண்டுச் சட்டம் அதை இருபாலருக்கும் 18 வயது என்று ஆக்கியது. இப்போது நடைமுறையில் இருப்பது 2015-ல் நிறைவேறி, 2016 ஜனவரி 15 முதல் அமலில் உள்ள சிறார் நீதிச் சட்டம்.

இந்தச் சட்டம் குழந்தைகளை இரண்டு வகையாகப் பார்க்கிறது. குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் குழந்தை ஒரு வகை. அவர்களின் விஷயத்தை விசாரிப்பது ‘இளைஞர் நீதிக் குழுமம்’. பெற்றோர் இல்லாத, கைவிடப்பட்ட, வேலைக்கு அனுப்பப்பட்ட, கொடுமைக்கு ஆளான குழந்தைகள் இன்னொரு வகை. அவர்களுக்கு ‘குழந்தைகள் நலக் குழு’. முதல் வகையைச் சட்டம் ‘குற்றவாளி’ என்று அழைப்பதில்லை; ‘சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தை’ என்றே சொல்கிறது. குழந்தையைப் பற்றிப் பேசும்போது குற்றம்சாட்டும் சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்பது இந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று.

ஸ்டேஷனில் நடக்க வேண்டியது இதுதான்

நம் சடையங்குப்பம் அம்மாவுக்கு வருவோம். பையனுக்கு வயது 15. சட்டப்படி அந்த இரவில் என்னவெல்லாம் நடக்க வேண்டும்?

முதல் விஷயம், லாக்கப் கூடாது. 18 வயதுக்கு உட்பட்ட யாரையும் எந்தக் காரணத்துக்காகவும் போலீஸ் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது என்கிறது சட்டத்தின் 10-வது பிரிவு. விலங்கு மாட்டவும் கூடாது.

அடுத்தது, பையன் யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ‘குழந்தைகள் நலக் காவல் அலுவலர்’ ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது 107-வது பிரிவு. உதவி சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத, இதற்கெனப் பயிற்சி பெற்றவர் அவர். பிடிக்கப்பட்ட குழந்தையை அவரிடமோ, சிறார்களுக்கான சிறப்புக் காவல் பிரிவிடமோ உடனே ஒப்படைக்க வேண்டும். ஆகவே அந்த அம்மா கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘‘சார், இந்த ஸ்டேஷன்ல குழந்தைகள் நல அலுவலர் யாரு?’’ என்பதுதான். இந்த ஒரு கேள்வியே, வந்திருப்பவர் விஷயம் தெரிந்தவர் என்று காட்டிவிடும்.

பெற்றோருக்குத் தகவல் சொல்வது காவல்துறையின் கடமை. அது அவர்கள் காட்டும் சலுகை அல்ல. எந்தக் குழுமத்தின் முன், எப்போது நிறுத்தப் போகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நன்னடத்தை அலுவலருக்கும் தகவல் போக வேண்டும்.

விசாரணை என்ற பெயரில் பையனை மிரட்டி ஒப்புக்கொள்ள வைக்கக் கூடாது. பேசுவதானால் குழந்தைக்குப் பயம் தராத இடத்தில், பெற்றோர் உடனிருக்க வாய்ப்புக் கொடுத்துப் பேச வேண்டும். எந்த வாக்குமூலத்திலும் பையனிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்று விதிகளில் தெளிவாக இருக்கிறது. ‘ஒரு கையெழுத்து போடச் சொல்லும்மா, விட்டுடறோம்’ என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ குறைந்தபட்சத் தண்டனை உள்ள கொடுங்குற்றமாக இருந்தாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லப்பட்டாலோதான் குழந்தையின் பெயரில் எஃப்.ஐ.ஆர் போட வேண்டும் என்பது விதி. மற்றபடி சாதாரணத் திருட்டு, அடிதடி போன்றவற்றை ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில் பதிவு செய்து, பையனின் குடும்பச் சூழல் பற்றிய அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்பினால் போதும்.

கடைசியாக, 24 மணி நேரம். பயண நேரம் நீங்கலாக, பிடித்த 24 மணி நேரத்துக்குள் பையனைக் குழுமத்தின் முன் நிறுத்தியாக வேண்டும். இந்த மணிக்கணக்கு, பையனைப் பிடித்த நிமிடத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது. அதனால்தான் ‘எத்தனை மணிக்குப் பிடித்தார்கள்’ என்பதை யாராவது ஒருவர் குறித்துவைப்பது முக்கியம். தெருவில் பார்த்த பையனிடம் நேரம் கேட்டு மொபைலில் ஒரு மெசேஜாகப் போட்டுவைத்தால்கூடப் போதும்.

கெல்லீஸில் உயர்ந்த மேடை இல்லை

சென்னையில் இளைஞர் நீதிக் குழுமம் இருப்பது கெல்லீஸில், புரசைவாக்கம் நெடுஞ்சாலையில். ‘கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க’ என்று பதறிப்போய் வரும் பெற்றோர், சினிமாவில் பார்த்த கூண்டை எதிர்பார்த்து வருவார்கள். ஆனால், வழக்கமான நீதிமன்றம்போலத் தோன்றக் கூடாது என்று சட்டமே சொல்லியிருக்கிறது. உயர்ந்த மேடையோ, சாட்சிக் கூண்டோ இருக்கக் கூடாது. ஒரு நீதித்துறை நடுவர், இரண்டு சமூகப் பணியாளர்கள் என மூன்று பேர் கொண்டது குழுமம். சமூகப் பணியாளர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பையனை அழைத்துவரும் காவலர் சீருடையில் வரக் கூடாது.

இங்கே பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான சொல், ஜாமீன். பெரியவர்கள் வழக்கில், ‘ஏன் ஜாமீன் தர வேண்டும்’ என்று கேட்டவர் விளக்க வேண்டும். குழந்தைகள் விஷயத்தில் நிலைமை தலைகீழ். ஜாமீனில் விட முடியாத குற்றமாகவே இருந்தாலும், குழந்தையை ஜாமீனில் விட வேண்டும் என்பதுதான் 12-வது பிரிவு. சூரிட்டி இல்லாமலும் விடலாம். மறுப்பதற்கு மூன்றே காரணங்கள்தான் உண்டு. வெளியே விட்டால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான். அவனுக்கு ஒழுக்கரீதியாகவோ உடலுக்கோ மனதுக்கோ ஆபத்து. விடுவிப்பது நீதியின் நோக்கத்தைக் கெடுத்துவிடும். இதில் எந்தக் காரணத்துக்காக மறுத்தாலும் அதை எழுத்தில் பதிய வேண்டும். ஜாமீன் கிடைத்தும் நிபந்தனைகளை ஏழு நாள்களுக்குள் நிறைவேற்ற வீட்டாருக்கு வசதியில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்த மறுபடியும் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும்.

அதனால் ஆதார், ரேஷன் கார்டு, வேலை பார்க்கும் இடம், பையனின் பள்ளி விவரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அம்மாவோ அப்பாவோ நேரில் நிற்பது ரொம்ப முக்கியம். ‘இவனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கிறது’ என்பதற்கு அதைவிடப் பெரிய ஆதாரம் இல்லை. ஒருநாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று போக வேண்டிய நாள் அது.

வக்கீலுக்குப் பணம்? தேவையில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-ன்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு.

செங்கல்பட்டில் இரண்டே நாளில்...

ஜாமீனுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும்? ‘நாலு நாள் உள்ள இருந்தா புத்தி வரும்’ என்று சில அப்பாக்களே சொல்வதுண்டு. அவர்களுக்காக ஒரு சம்பவம்.

2022 டிசம்பர் 29. தாம்பரம் பகுதியைச் சேர்ந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன், ரயில்வே பேட்டரி திருட்டு தொடர்பாகப் பிடிக்கப்பட்டான். செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். டிசம்பர் 31-ம் தேதி அவன் உயிரோடு இல்லை. உடல்நிலை சரியில்லாமல் போனதாக முதலில் சொல்லப்பட்டது. உடலில் இருந்த காயங்கள் வேறு கதை சொல்லின. 2023 ஜனவரியில் அந்த இல்லத்தின் பணியாளர்கள் ஆறு பேர் கொலை வழக்கில் கைது செய்யப்பட்டார்கள்.

ஒரு பேட்டரித் திருட்டு. இரண்டு நாள். ஓர் உயிர்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு, கூர்நோக்கு இல்லங்களைச் சீரமைப்பது பற்றி ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவைத் தமிழ்நாடு அரசு அமைத்தது. 2023 நவம்பரில் முதல்வரிடம் அவர் அறிக்கையைக் கொடுத்தார்.

கூர்நோக்கு இல்லம் என்பது தண்டனை அனுபவிக்கும் இடம் அல்ல. விசாரணை முடியும்வரை குழந்தையைப் பாதுகாப்பாக வைத்திருக்கத்தான் அது. பொறுப்பில் இருக்கும் குழந்தையை அடிப்பது, துன்புறுத்துவது எல்லாம் 75-வது பிரிவின் கீழ் குற்றம். ஆனால், பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறானா என்று கேட்க வெளியே ஒருவர் இருக்க வேண்டும். இல்லத்துக்கு அனுப்பப்பட்டால், பார்க்க அனுமதிக்கும் நாள்களில் தவறாமல் போய்ப் பார்க்க வேண்டும். சட்டையைத் தூக்கி முதுகைப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் இல்லத்து அதிகாரியிடம் சண்டை போட்டுவிட்டுத் திரும்பாமல், குழுமத்திடம் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

ராயபுரத்துக் குழந்தைகளும் டெல்லியின் கேள்வியும்

கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு சடையங்குப்பத்துக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ராயபுரத்தில் உள்ள அரசு குழந்தைகள் இல்லம், குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் பிள்ளைகளுக்கானது அல்ல. ஆதரவும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளுக்கானது. 2020 ஜூனில், கொரோனா முதல் அலையில் வடசென்னையே நடுங்கிக்கொண்டிருந்தபோது, இங்கே தங்கியிருந்த 35 குழந்தைகளுக்குத் தொற்று உறுதியானது.

அதற்கு இரண்டு மாதம் முன்பே, ஏப்ரல் 3-ம் தேதி, இப்படி நடந்துவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து ஒரு வழக்கை எடுத்திருந்தது. கூர்நோக்கு இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளை ஜாமீனில் வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று இளைஞர் நீதிக் குழுமங்கள் பார்க்க வேண்டும். இல்லங்களில் கூட்டத்தையும் சுகாதாரத்தையும் கவனிக்க வேண்டும் என்று உத்தரவுகள் போட்டிருந்தது. ராயபுரத்துச் செய்தி வெளியானதும், ஜூன் 11-ம் தேதி நீதிபதி எல்.நாகேஸ்வர ராவ் தலைமையிலான அமர்வு, தொற்று எப்படிப் பரவியது, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தமிழ்நாடு அரசிடம் விளக்கம் கேட்டது. அதோடு நிற்காமல், நாடு முழுக்க உள்ள இல்லங்களின் நிலையை அறிய எல்லா மாநிலங்களுக்கும் கேள்விப் பட்டியல் போனது.

அந்த 35 பேரின் பெயரும் யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. ஆனால், அவர்களைப் பற்றி ஒரு செய்தி வெளியே வந்ததும், ஒரு நீதிமன்றம் கேட்டதும் நாட்டின் மற்ற இல்லங்களிலும் எதிரொலித்தது.

வெள்ளத்தில் போகக் கூடாத காகிதம்

இந்தப் பாதுகாப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே சாவி, வயது. ‘எம் பையனுக்கு 17 வயசுதான்’ என்பதை நிரூபிக்க முடியாவிட்டால், பெரியவர்களின் ஸ்டேஷன், பெரியவர்களின் சிறை என்று அவன் பாதை மாறிவிடும் ஆபத்து இருக்கிறது.

சடையங்குப்பம் மாதிரி ஊர்களில் இது சாதாரண விஷயமில்லை. 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த இந்தப் பகுதி, கொசஸ்தலை ஆறும் கழிமுகமும் அருகே உள்ள தாழ்வான இடம். கனமழை என்றால் வெள்ளம் சூழ்வது இங்கே புதிதல்ல. உயிர் தப்ப ஓடும்போது பெட்டியில் இருக்கிற சர்டிஃபிகேட்டை எடுக்க யாருக்குத் தோன்றும்?

வயதை எப்படி முடிவு செய்வது என்று 94-வது பிரிவு வரிசைப்படுத்தி இருக்கிறது. முதலில், பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். அது இல்லாவிட்டால், மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி தந்த பிறப்புச் சான்றிதழ். இரண்டுமே இல்லாவிட்டால்தான் எலும்பு வளர்ச்சியைப் பார்க்கும் மருத்துவப் பரிசோதனை. இந்தப் பட்டியலில் ஆதார் இல்லை. ஆதார் ஓர் அடையாள ஆவணமே தவிர, பிறந்த தேதிக்கான ஆதாரம் ஆகாது என்று 2024 அக்டோபரில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

‘டி.சி இருக்கே’ என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. 2023 ஜூலையில், தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம்வரை போன ஒரு போக்சோ வழக்கு அது. பாதிக்கப்பட்ட பெண் 18 வயதுக்கு உட்பட்டவர் என்பதற்குக் காட்டப்பட்ட முக்கிய ஆதாரம், பள்ளி மாற்றுச் சான்றிதழ். 94-வது பிரிவு கேட்கும் ஆவணம் இது அல்ல என்று சொன்ன நீதிமன்றம், மருத்துவப் பரிசோதனையையும் பார்த்துவிட்டு, வயது நிரூபிக்கப்படவில்லை என்று குற்றம்சாட்டப்பட்டவரை போக்சோவிலிருந்து விடுவித்தது.

வயதுச் சான்று, பிடிபட்ட பையனுக்கு மட்டுமல்ல, பாதிக்கப்பட்ட பெண் குழந்தைக்கும் அவ்வளவு அவசியம் என்பதை இந்த வழக்கு காட்டுகிறது. அது கையில் இருந்தால்தான் போக்சோ சட்டம் தரும் எல்லாமே கிடைக்கும். வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. குற்றம்சாட்டப்பட்டவரின் முகத்தைக் குழந்தை பார்க்க வேண்டிய நிலை வரக் கூடாது. எதிர்த்தரப்பு வக்கீல் நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. நீதிபதியிடம் சொல்லி, அவர் வழியாகத்தான் கேட்க வேண்டும்.

அதனால் இந்த வாரமே ஒரு வேலை செய்யலாம். சென்னை மாநகராட்சி இணையதளத்திலிருந்து பிறப்புச் சான்றிதழை இலவசமாக டவுன்லோடு செய்யலாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோடு அதையும் டிஜிலாக்கரிலோ, மெயிலிலோ போட்டுவைத்தால் எந்த வெள்ளமும் அதைக் கொண்டுபோக முடியாது. பிறப்பே பதிவாகவில்லை என்றால், பிள்ளை சின்ன வயதில் இருக்கும்போதே மண்டல அலுவலகத்தில் கேட்டுத் தாமதப் பதிவுக்கு விண்ணப்பிப்பது நல்லது.

ஒருவேளை ஆவணம் அன்றைக்குக் கிடைக்காமல் போனாலும் கதவு மூடிவிடாது. குற்றம் நடந்தபோது தான் குழந்தை என்ற கோரிக்கையை எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும், வழக்கு முடிந்த பிறகும்கூட எழுப்பலாம் என்கிறது 9-வது பிரிவு.

அப்பா, அம்மா சண்டைக்கு நடுவே...

போலீஸ் ஜீப்பே வராத வீடுகளிலும் குழந்தைகள் கோர்ட் வாசலுக்கு வருகிறார்கள். பாரிமுனையில், உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் குடும்ப நல நீதிமன்றங்களின் தாழ்வாரத்தில் காலையில் நின்று பார்த்தால் தெரியும். ஸ்கூல் யூனிஃபார்மிலேயே பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள். ஒரு பக்கம் அப்பா, இன்னொரு பக்கம் அம்மா.

இங்கே கேள்வி, ‘குழந்தை யாருக்கு உரிமை?’ என்பதல்ல; ‘குழந்தைக்கு எது நல்லது?’ என்பதுதான். 1973-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த ரோஸி ஜேக்கப் வழக்குத் தீர்ப்பை இன்றும் நீதிபதிகள் மேற்கோள் காட்டுகிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கு அது. குழந்தைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொம்மையும் அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பணக்கார அப்பாவா, ஏழை அம்மாவா என்பதை வைத்து மட்டும் முடிவு எடுக்க முடியாது. விவரம் தெரிந்த வயது என்றால் குழந்தையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கேட்கலாம் என்று 1890-ம் ஆண்டின் காப்பாளர் சட்டத்திலேயே இருக்கிறது. பல நீதிபதிகள் குழந்தையைத் தங்கள் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசுவார்கள். ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்கிறது இந்துக் காப்பாளர் சட்டம், 1956. தாயும் இயற்கைக் காப்பாளரே என்று 1999-ல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பிரிந்திருக்கும் அப்பா பணம் தரவில்லை என்றால், குழந்தையின் பெயரில் ஜீவனாம்சம் கேட்கலாம். முன்பு 125-வது பிரிவு என்று எல்லோருக்கும் தெரிந்த அந்த உரிமை, 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144-வது பிரிவு. பெற்றோர் முறைப்படி கல்யாணம் செய்துகொண்டார்களா என்பது குழந்தையின் இந்த உரிமையைத் தடுக்காது. வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போன 60 நாள்களுக்குள், முடிந்தவரை அந்த மனுவை முடிக்க வேண்டும்.

இங்கேயும் அதே கதைதான். ‘பிள்ளைக்குப் பரீட்சை நடக்குது, பார்க்க வரும் நேரத்தை மாத்துங்க’, ‘பிள்ளை பயப்படுறா, தனியாக் கேளுங்க’ என்று யாராவது நீதிபதியிடம் சொன்னால்தான் அது உத்தரவில் வரும். சண்டையில் ஜெயிக்கிற அவசரத்தில் இரண்டு பக்கமும் அதைச் சொல்ல மறந்துவிடுவதுதான் சோகம்.

வாட்ஸ்அப்பில் பையனின் முகம்

ஸ்டேஷன் விவகாரத்துக்கே திரும்புவோம். அம்மா கெல்லீஸுக்கு பஸ் ஏறும் முன்பே, பையனின் போட்டோ தெரு வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ‘நம்ம ஏரியா திருடன்’ என்ற தலைப்போடு!

அனுப்பியவர் சட்டத்தை மீறியிருக்கிறார். வழக்கில் சிக்கிய குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் எந்தத் தகவல் தொடர்பு வழியிலும் வெளியிடக் கூடாது என்பது 74-வது பிரிவு. மீறினால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பத்திரிகைக்கும் டி.வி-க்கும் மட்டுமல்ல, ஃபார்வர்டு செய்யும் நமக்கும் இது பொருந்தும். செங்கல்பட்டுச் சிறுவனின் பெயர் இந்தக் கட்டுரையில் இல்லாததற்கும் காரணம் அதுதான்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? 15 வயதில் செய்த தவறு 25 வயதில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது குறுக்கே வரக் கூடாது என்பதால்தான். விசாரணையில் தவறு செய்தது உறுதியானாலும், கண்டித்து வீட்டுக்கு அனுப்புவது, கவுன்சலிங், சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு என்றுதான் குழுமம் முதலில் யோசிக்கும். அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்வரை சிறப்பு இல்லம். பிறகு, 24-வது பிரிவின்படி அந்தத் தீர்ப்பு அவனுக்கு எந்தத் தகுதியிழப்பையும் தராது. உரிய காலத்துக்குப் பிறகு ஆவணங்களும் அழிக்கப்படும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 16 வயது நிரம்பியவர் கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால், அவருடைய மன, உடல் முதிர்ச்சியைக் குழுமம் ஆராய்ந்து, பெரியவர்போல விசாரிக்க வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். டெல்லி நிர்பயா சம்பவத்துக்குப் பிறகு வந்த மாற்றம் இது. அப்போதும் மரண தண்டனையோ, விடுதலைக்கே வாய்ப்பில்லாத ஆயுள் தண்டனையோ கிடையாது.

போனில் சேமித்துவைக்க...

* 1098 - குழந்தைகள் உதவி எண். 24 மணி நேரமும் இலவசம்.
* 15100 - இலவச சட்ட உதவி எண்.
* பிடித்த நேரம், இடம், அழைத்துச் சென்றவர்கள் பற்றிய விவரத்தை உடனே குறித்துவைக்கவும்.
* ஸ்டேஷனில் முதலில் குழந்தைகள் நலக் காவல் அலுவலரைக் கேட்கவும்.
* பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ் இரண்டின் நகலையும் போனில் வைத்திருக்கவும்.
* பையனைக் கையெழுத்துப் போடச் சொன்னால் மறுக்கவும்.
* குழுமத்துக்கு அம்மாவோ அப்பாவோ நேரில் போகவும். காயம் இருந்தால் அங்கேயே சொல்லவும்.

மறுபடியும் அந்த ராத்திரி. ‘‘காலைல வாம்மா’’ என்கிறார் காவலர். அம்மா நகரவில்லை. சத்தம் போடவும் இல்லை.

‘‘சார், எம் பையனுக்குப் பதினஞ்சு வயசு. பர்த் சர்டிஃபிகேட் போன்ல இருக்கு, பாருங்க. குழந்தைங்க நல அலுவலர் யாருன்னு சொல்லுங்க சார், அவரைப் பார்க்கணும். எந்நேரம் ஆனாலும் இங்கியே உக்காந்திருக்கேன்.’’